ரெட் டாட் இருந்தால் அயர்ன் சைட் வேண்டாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ராணுவத்தின் புதிய துப்பாக்கிகள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில் இரண்டு வரிகளைத் திருத்த வேண்டும். 'ரெட் டாட் சைட் இலக்கின் மேல் சிவப்பு ஒளியைப் பாய்ச்சுகிறது' என்பது ஒன்று. 'இனி ஃபோர்சைட், பேக்சைட் தேவையில்லை' என்பது மற்றொன்று. துப்பாக்கியின் முன்னாலும் பின்னாலும் இருக்கும் அந்த இரண்டு உலோகக் குறிகளும் சேர்ந்ததே அயர்ன் சைட்; ரெட் டாட் என்பது கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டிக் குறிபார்க்க உதவும் மின்கலக் கருவி. முதலாவது பலருக்கும் உள்ள குழப்பம், போகட்டும். இரண்டாவதை நம்பி யாராவது அயர்ன் சைட்டைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டால், ரெட் டாட் இடம் மாறியிருக்கிறதா என்று சுடாமல் சரிபார்க்க அவர் கையில் எதுவும் மிஞ்சாது.

ரெட் டாட்டுக்குள் இருப்பது ஒரு சின்ன எல்இடி. குழாயின் பின்பக்கம் ஓரமாக உட்கார்ந்து அது முன்கண்ணாடியை நோக்கி ஒளி விடுகிறது. கண்ணாடியின் மேல் உள்ள பூச்சு சிவப்பை மட்டும் சுடுபவரின் கண்ணுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, மற்ற நிறங்களை உள்ளே விடுகிறது. அதன் வழியே பார்க்கும்போது காட்சி லேசாக நீலம் பூத்துத் தெரிவது அதனால்தான். திரும்பி வரும் கதிர்கள் இணையாக வருவதால், புள்ளி வெகு தொலைவில் மிதப்பதுபோல் கண்ணுக்குப் படும். இலக்கின் மேல் எதுவும் விழுவதில்லை. அப்படி ஒளியை விழவைப்பது லேசர் சுட்டி. அது தனிக் கருவி. கட்டுரைக்கு அருகே அச்சான படத்தில் சைட்டைத் திசை மாற்றி மாட்டியிருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறோம்: எல்இடி உள்ள பக்கம் குழல் முனையைப் பார்க்கிறது. அந்த நிலையில் சுடுபவருக்குப் புள்ளியே தெரியாது.

இந்த யோசனை புதிதல்ல. அயர்லாந்தின் தொலைநோக்கி வல்லுநர் ஹோவர்ட் கிரப் 1900-லேயே பிரதிபலிப்பு சைட்டுக்குக் காப்புரிமை எடுத்தார். மின்கலத்தில் இயங்கும் ரெட் டாட்டை ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம் 1975-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கத் தரைப்படை 1997-ல் எம்68 என்ற பெயரில் எய்ம்பாயிண்டை ஏற்றது. ஆனாலும் எம்4 துப்பாக்கியில் ஃபோர்சைட் போகவில்லை, பின்னால் மடக்கும் பேக்சைட்டும் இருந்தது. காரணம் இல்லாமல் இல்லை.

முதலில் ரெட் டாட்டின் உண்மையான பலம் எது என்று பார்ப்போம். அயர்ன் சைட்டில் பேக்சைட், ஃபோர்சைட், இலக்கு என்று மூன்றும் மூன்று தூரத்தில் இருக்கின்றன. கண் ஒரே நேரத்தில் ஒன்றைத்தான் தெளிவாகக் காணும். ஃபோர்சைட் முனையைத் தெளிவாக வைத்துக்கொண்டு இலக்கு மங்கலாக இருக்க விட்டுவிட வேண்டும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த முனையே மங்கும். இதற்கு மேல், இரண்டு சைட்டும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் பிழை பெருகும். ஏகே வகைத் துப்பாக்கியான ஏகேஎம்மில் இரண்டு சைட்டுக்கும் இடையே 378 மி.மீ. தூரம். முனை 1 மி.மீ. விலகிப் பிடித்தால் 100 மீட்டரில் குண்டு சுமார் 26 செ.மீ. விலகும்.

ரெட் டாட்டில் கணக்கு வேறு. கதிர்கள் சரியாக இணையாக வரும் சைட்டில், கண் எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவுதான் பிழை. 20 மி.மீ. அகலக் கண்ணாடியில் புள்ளி ஓரத்துக்கே போனாலும் பிழை 1 செ.மீ. அளவில் நிற்கும். கண்ணாடியின் வளைவுக் குறைகள் இதோடு இன்னும் கொஞ்சம் சேர்க்கும். மலிவான சைட்களில் அது நன்றாகவே தெரியும். ஆகவே புள்ளியை நடுவில் கொண்டுவரத் தலையைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டியதில்லை. பார்வை இலக்கின் மேல், இரண்டு கண்ணும் திறந்து, புள்ளி எங்கே உட்காருகிறதோ அங்கே குண்டு.

குழப்பம் தொடங்குவது இரண்டையும் ஒரே துப்பாக்கியில் வைத்த பிறகுதான். எம்4-ம் சேர்ந்த ஏஆர்-15 துப்பாக்கிக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். நம் தரைப்படை 2019-ல் 72,400 எண்ணிக்கையில் வாங்கிய சிக் 716-ம் இதே வடிவம்தான். மேலே, கருவிகளை மாட்டப் பள்ளங்கள் வெட்டிய நீளமான பிக்காட்டினி ரெயில். ரெட் டாட் கண்ணாடியின் நடு அச்சை ரெயிலுக்கு மேல் சுமார் 36 மி.மீ. உயரத்தில் வைத்தால், அயர்ன் சைட் கோடு கண்ணாடியின் நடுவே போகும். இதை முழு கோ-விட்னஸ் என்கிறார்கள். சுமார் 40 மி.மீ. உயரத்தில் வைத்தால் அயர்ன் சைட் கண்ணாடியின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் தெரியும்; பெயர் லோயர் தேர்ட். ஃபோர்சைட் மடங்காமல் நிலையாக நிற்கும் துப்பாக்கிக்கு லோயர் தேர்ட்தான் எங்கள் தேர்வு. முழு கோ-விட்னஸில் அந்த முனையும் அதன் இரு பக்கக் காதுகளும் எப்போதும் காட்சியின் நடுவில் நின்று இலக்கை மறைக்கும். இரண்டு சைட்டும் மடங்குமானால் எந்த உயரமும் சரி. லோயர் தேர்டில் ஒன்று மட்டும் நினைவிருக்க வேண்டும்: ரெட் டாட்டுக்குக் கன்னம் சற்று மேலே, அயர்ன் சைட்டுக்குச் சற்று கீழே. அந்த மாற்றத்தைப் பழகாதவர், பேட்டரி போன நேரத்தில் பேக்சைட் துளையைத் தேடிக்கொண்டிருப்பார்.

பொருத்தும் வரிசை முக்கியம். முதலில் அயர்ன் சைட், பிறகு ரெட் டாட்.

ரெட் டாட்டைக் கழற்றி வைத்துவிட்டு, 25 மீட்டரில் ஒரே இடத்தைப் பிடித்து மூன்று அல்லது ஐந்து குண்டு சுட்டு, அவை விழுந்த கூட்டத்தை (குரூப்பிங்) வைத்து அயர்ன் சைட்டைச் சரிசெய்யுங்கள். ஃபோர்சைட்டைப் பிழையின் பக்கமே நகர்த்த வேண்டும், பேக்சைட்டை எதிர்ப்பக்கம். குண்டு கீழே விழுகிறதா? ஃபோர்சைட் முனையைக் கீழே இறக்குங்கள். வலப்பக்கம் விழுகிறதா? பேக்சைட்டை இடப்பக்கம் தள்ளுங்கள். எம்4-ல் ஃபோர்சைட் ஒரு கிளிக் (ஒரு படி) திரும்பினால் 25 மீட்டரில் சுமார் 1.2 செ.மீ. மாறும். நீளம் கூடிய எம்16ஏ2-வில் அதே கிளிக் 0.9 செ.மீ.தான், ஏனென்றால் அதில் சைட்களுக்கு இடைப்பட்ட தூரம் அதிகம். ஒரு துப்பாக்கியின் கையேட்டை இன்னொரு துப்பாக்கிக்குப் பயன்படுத்தி, ஜீரோயிங் (பிடித்த இடத்திலேயே குண்டு விழும்படி சைட்டைச் சரிசெய்வது) சரியாக வரவில்லை என்று குண்டுகளை வீணாக்குவது இங்கேதான். 25 மீட்டரில் கிட்ட வந்த பிறகு, எந்தத் தூரத்துக்கு ஜீரோ வேண்டுமோ அங்கே போய் உறுதிசெய்ய வேண்டும்.

அடுத்து ரெட் டாட். மவுண்டை (சைட்டைத் தாங்கும் பிடியை) ரிசீவரின், அதாவது துப்பாக்கியின் நடு உடலின், மேல் உள்ள ரெயிலில் மட்டும் மாட்டுங்கள். முன்கை பிடிக்கும் ஹேண்ட்கார்டின் ரெயிலில் வேண்டாம். கையாலோ ஸ்லிங் வாராலோ இழுத்தாலே வளையும் பாகம் அது. ரெயில் பள்ளத்தில் வைத்ததும் மவுண்டைக் குழல் முனைப் பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு முடுக்க வேண்டும். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும், சைட் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். முன்பக்கம் இடைவெளி இருந்தால் முதல் சில குண்டுகளிலேயே மவுண்ட் அந்த இடைவெளியைத் தின்றுவிடும், ஜீரோவும் போய்விடும். திருகில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, நடுத்தர வலுவுள்ள நீல நிறத் திருகுப்பசை ஒரு துளி விட்டு, தயாரிப்பாளர் சொன்ன டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முடுக்கவும். முடுக்கியபின் திருகுத் தலைக்கும் மவுண்டுக்கும் குறுக்கே வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு. கோடு உடைந்திருந்தால் திருகு நகர்ந்துவிட்டது என்று பொருள். கருவி எதுவும் தேவைப்படாத சோதனை. எந்தப் பள்ளத்தில் மாட்டினோம் என்ற எண்ணையும் குறித்துவைக்க வேண்டும்.

இப்போதுதான் அயர்ன் சைட் முதல் வேலை செய்கிறது. துப்பாக்கியை மணல் மூட்டையில் அசையாமல் வைத்து, அயர்ன் சைட் வழியே ஒரு தூரப் பொருளைப் பிடியுங்கள். அந்தப் பிடியை மாற்றாமல், புள்ளி ஃபோர்சைட் முனையின் மேல் வந்து உட்காரும் வரை ரெட் டாட்டின் இரண்டு திருகுகளையும் திருப்புங்கள். இதனால் முதல் குண்டே இலக்கு அட்டையில் விழும். ஆனால் இது தோராயம்தான். இதோடு நிறுத்திவிட்டு ஜீரோ ஆகிவிட்டது என்று சொல்வது, பயிற்சிக் களங்களில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. பேக்சைட்டை மடக்கிவிட்டு, புள்ளியை மட்டும் வைத்துச் சுட்டு, ரெட் டாட்டின் ஜீரோவைத் தனியாக முடிக்க வேண்டும்.

அதற்கு 50 மீட்டர் வசதியான தூரம். பல சைட்களில் ஒரு கிளிக் அரை எம்ஓஏ (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு ஒரு எம்ஓஏ). 100 மீட்டரில் சுமார் 14.5 மி.மீ., 50 மீட்டரில் 7 மி.மீ.க்குச் சற்று மேல். குரூப் 6 செ.மீ. கீழே இருந்தால் மேல் அம்புக்குறிப் பக்கம் 8 கிளிக். அம்புக்குறி காட்டுவது குண்டு நகரும் திசையை. கண்ணாடியில் புள்ளி அதற்கு நேர்மாறாக நகரும். 'மேலே திருப்பினேன், புள்ளி கீழே போகிறது, சைட் பழுது' என்று திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. ஜீரோ செய்யும்போது வெளிச்ச அளவைக் குறைத்து, புள்ளி கூர்மையாகத் தெரியும் நிலையில் வைக்க வேண்டும். வெளிச்சம் கூடினால் புள்ளி வீங்கி, 2 எம்ஓஏ புள்ளி 4, 5 எம்ஓஏ போலப் பரவும். 2 எம்ஓஏ புள்ளி 100 மீட்டரில் 5.8 செ.மீ. இடத்தை மறைக்கும், 300 மீட்டரில் 17.5 செ.மீ. இதையே அதிகம் என்பவர்கள், எம்4-ன் 1.8 மி.மீ. அகல ஃபோர்சைட் முனை 300 மீட்டரில் ஒரு ஆள் உயரப் பலகையின் முழு அகலத்தையும் மறைத்துவிடும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

5.56 மி.மீ. துப்பாக்கியில் 50 மீட்டர் ஜீரோ வைத்தால், குண்டு சுமார் 200 மீட்டர் வரை பார்வைக் கோட்டிலிருந்து அதிகம் விலகாது. கிட்டத்தில்தான் ஏமாற்றும். சைட் குழலுக்கு மேல் சுமார் 66 மி.மீ. உயரத்தில் இருப்பதால், 5 மீட்டரில் குண்டு புள்ளிக்குச் சுமார் 6 செ.மீ. கீழே படும். தடுப்புச் சுவரின் விளிம்பு புள்ளியை மறைக்கவில்லை என்று நினைத்துச் சுட்டு, அந்த விளிம்பையே துளைப்பதும் இதனால்தான். அயர்ன் சைட்டுக்கும் இதே உயரம், இதே கணக்கு.

இரண்டு ஜீரோவும் முடிந்த பின், அயர்ன் சைட்டை நிமிர்த்தி ரெட் டாட்டையும் ஏற்றிப் பார்த்தால் புள்ளி ஃபோர்சைட் முனையின் மேல், அல்லது முனைக்கு மிக அருகில் இருக்கும். சற்று விலகியிருந்தால் உடனே திருகைத் தொடாதீர்கள். இரண்டையும் வெவ்வேறு தூரத்துக்கோ வெவ்வேறு நாளிலோ ஜீரோ செய்திருந்தால் அந்தச் சின்ன விலகல் இருக்கத்தான் செய்யும். அது எவ்வளவு, எந்தப் பக்கம் என்று குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். அந்தக் குறிப்புதான் நாளைக்கு உதவும். துப்பாக்கி கீழே விழுந்தது, வண்டியில் நசுங்கியது, யாரோ மவுண்டைக் கழற்றி மாட்டினார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குண்டும் செலவில்லாமல் இரண்டு சைட்டையும் சேர்த்துப் பார்த்தால், பழைய உறவு மாறியிருக்கிறதா என்று சில நொடிகளில் தெரிந்துவிடும். மாறியிருந்தால் இரண்டில் ஒன்று நகர்ந்திருக்கிறது. பெயிண்ட் கோடு எது என்று சொல்லும். அயர்ன் சைட்டை வெறும் மாற்று ஏற்பாடாக மட்டும் பார்ப்பவர்கள் இந்தப் பயனை விட்டுவிடுகிறார்கள்.

சுடும்போது மட்டும் இரண்டையும் சேர்க்கக் கூடாது. புள்ளியை முனையின் மேல் வைத்து, முனையைத் துளையின் நடுவில் வைத்து, அதன் பிறகு இலக்கைத் தேடுபவருக்கு ரெட் டாட்டின் வேகம் கிடைக்காது. அயர்ன் சைட்டின் பிழைதான் மிஞ்சும்.

பேட்டரி தீர்வதைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் அது சின்னப் பிரச்சினை. எய்ம்பாயிண்ட் காம்ப்எம்4 ஒரே ஒரு ஏஏ பேட்டரியில் பகல் வெளிச்ச அளவில் 80,000 மணி நேரம் எரியும் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். எட்டு ஆண்டுக்கு மேல். சிஆர்2032 நாணய பேட்டரி போடும் நல்ல சிறிய சைட்டும் ஆண்டுக்கணக்கில் தாங்கும். இருந்தும் ஆண்டுக்கொரு முறை, ஒரே தேதியில், தீராவிட்டாலும் மாற்றிவிடுவதே நல்லது. ஏஏ போடும் சைட்டில் லித்தியம் வகை வாங்குங்கள். அல்கலைன் நாள்பட்டால் கசிந்து உள்முனைகளை அரித்துவிடும், குளிரிலும் சோர்ந்துவிடும். பேட்டரி மூடியின் ரப்பர் வளையம் காணாமல் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். ஈரம் உள்ளே நுழையும் வழி பெரும்பாலும் அதுதான்.

பெரிய பிரச்சினை கண்ணாடி. சேறு அப்பினாலோ, உள்ளே ஆவி படிந்தாலோ, கண்ணாடி சிலந்தி வலைபோல் விரிசல் விட்டாலோ என்ன செய்வது? கோ-விட்னஸ் அயர்ன் சைட்டும் அதே கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறது. புள்ளி போனால் காப்பாற்றும் ஏற்பாடு, கண்ணாடி போனால் காப்பாற்றாது. ஆகவே நெம்புகோலில் கழலும் மவுண்ட் வேண்டும், அதைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றும் பழக்கமும் வேண்டும். கழற்றி அதே பள்ளத்தில் மாட்டினால் ஜீரோ திரும்ப வருகிறதா என்பதைச் சுட்டே பார்த்திருக்க வேண்டும்; விளம்பரத்தை நம்பக் கூடாது. இன்னொரு வழி, 45 பாகை சாய்வில் பக்கவாட்டில் மாட்டும் அயர்ன் சைட். துப்பாக்கியைச் சற்று உருட்டினால் போதும், கண்ணாடி குறுக்கே வராது. அதைச் சாய்த்த நிலையிலேயே ஜீரோ செய்ய வேண்டும்; நிமிர்த்தி ஜீரோ செய்தவர்களின் குண்டு எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

முன்கண்ணாடி மட்டும் மறைந்து, புள்ளி எரிந்துகொண்டிருந்தால் இரண்டு கண்ணும் திறந்தே சுடலாம். ஒரு கண் புள்ளியைக் காணும், மற்றது இலக்கைக் காணும், மூளை இரண்டையும் ஒன்றாக்கும். 1970 நவம்பரில் ஹனோய் அருகே சோன் டே சிறை முகாமில் அமெரிக்கர்கள் நடத்திய மீட்பு முயற்சியில் பயன்பட்ட சிங்கிள்பாயிண்ட் சைட் அடிப்படையிலேயே இப்படித்தான். அதன் வழியே வெளிக்காட்சி தெரியாது. கிட்டத்தில் இது போதும். தூரம் கூடினால் இரண்டு கண்களின் அச்சு ஆளுக்கு ஆள் சற்று விலகுவதால் குண்டும் பக்கவாட்டில் விலகும். எவ்வளவு என்பதை முன்கண்ணாடிக்கு மூடியைப் போட்டுச் சுட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

புள்ளி வட்டமாகத் தெரியவில்லை, வால் முளைத்த நட்சத்திரம்போல் இருக்கிறது என்று சைட்டைக் குறை சொல்பவர்களுக்கு ஒரு சோதனை. சைட்டைக் கையில் எடுத்து மெதுவாகச் சுழற்றுங்கள். வால் அதே திசையில் நின்றால் கோளாறு கண்ணில், அது ஆஸ்டிக்மேட்டிசம் என்னும் விழி வளைவுக் குறை. சைட்டோடு சேர்ந்து சுற்றினால் கோளாறு சைட்டில். துப்பாக்கியில் இருக்கும்போதே என்றால் பேக்சைட்டை நிமிர்த்தி அதன் சிறு துளை வழியே புள்ளியைப் பாருங்கள். துளை வெளிக்கதிர்களை வெட்டிவிடுவதால் அப்போது புள்ளி ஒழுங்காகத் தெரிந்தால் சைட்டை மாற்ற வேண்டாம், கண் மருத்துவரைப் பாருங்கள்.

ஹோலோகிராபிக் சைட்டையும் கட்டுரை ரெட் டாட் என்றே சேர்த்துவிட்டது. அது லேசரும் ஹோலோகிராமும் கொண்டது, பேட்டரியை அதிகம் தின்னும். வெப்பநிலை மாறும்போது குறி நகர்வதை மறைத்து விற்றதாக எழுந்த வழக்கில், ஈஓடெக் சைட்டைத் தயாரித்த எல்-3 கம்யூனிகேஷன்ஸ் 2015 நவம்பரில் அமெரிக்க அரசுக்கு 2.56 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. ஜீரோ நகர்ந்ததைச் சுடாமல் கண்டுபிடிக்க ஃபோர்சைட் முனை எவ்வளவு தேவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கடைசியாக ஏகே வகைத் துப்பாக்கிகள். திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையின் டிஏஆர் ரைஃபிளும் இந்த வடிவமே என்பதால் நம் வாசகர்களுக்கு இது பொருந்தும். பழைய ஏகேயில் மேல்மூடி தளர்வான தகடு; துடைக்கும்போதெல்லாம் கழன்று வரும். அதன் மேல் ஒட்டவைத்த ரெட் டாட் ஜீரோ நிற்காது. இடப்பக்க ரிசீவரில் அறையப்பட்ட பக்க ரெயில் உறுதியானது. ஆனால் சில மவுண்ட்கள் சைட்டை மிக உயரத்தில் வைத்து அயர்ன் சைட்டைக் கண்ணாடிக்கு வெளியே தள்ளிவிடும், கன்னத்துக்கும் பிடி கிடைக்காது. வாங்கும்முன் மவுண்டின் அடியில் அயர்ன் சைட் தடையின்றித் தெரிகிறதா, அல்லது கண்ணாடிக்குள் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வெடிவாயு செல்லும் கேஸ் குழாயின் மேல் மாட்டும் ரெயில் தாழ்வானது, கோ-விட்னஸ் கிடைக்கும். தொடர்ந்து சுட்டால் அந்த இடம் கையை வைக்க முடியாத அளவு சூடேறும். மலிவான சைட்டின் மின்சுற்று தாங்காது. ஃபோர்சைட்டைப் பொறுத்தவரை, ஏகேஎம்மில் முனையை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றினால் 100 மீட்டரில் 20 செ.மீ. மாறும், பக்கவாட்டுத் திருத்தமும் முன்னால்தான். ஃபோர்சைட்டைத் தொட்ட அன்றே ரெட் டாட்டுடன் அதன் உறவையும் புதிதாகக் குறித்துவிட வேண்டும். பழைய குறிப்பை வைத்துக்கொண்டு புதிய முனையைப் பார்த்தால், நன்றாக இருக்கும் ரெட் டாட்டைத் திருப்பிக் கெடுத்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆர்மரர்கள் (துப்பாக்கி பராமரிப்பாளர்கள்) இருவர்,
திருச்சிராப்பள்ளி.